அப்பாவின் கல்லில் ஒரு கிரேக்கச் சொல்

சாமுவேல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எங்கள் கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை அது. மழைக்காலம் வந்துவிட்டால் தரையெல்லாம் செம்மண் சேறு. அன்றும் விடிந்ததிலிருந்து மழை. என் தம்பி மட்டும், தலைமையாசிரியர் அறைக்குள் நுழைகிற பையனைப் போல, வெறுங்காலோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"உட்காருடா" என்றேன். உட்காரவில்லை.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த இறப்புச் சான்றை எடுத்து, மேசையில் ஈரமில்லாத இடம் பார்த்து வைத்தான்.

"அண்ணா, ஜெயாவை அம்மா குழியில வெச்சிரலாம். நாலு மணிக்கு எடுக்கறதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஏழுமலை வெட்ட ஆரம்பிச்சிடுவாரு."

ஜெயா அவன் மனைவி. முந்தின நாள் மாலை வேலை முடிந்து பல்லாவரம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். கீழ்க்கட்டளை வீட்டில், கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ஐஸ் பெட்டிக்குள் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். நானும் போய், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஜெபம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எங்கள் சபையின் கல்லறைக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். பழைய குழியைத் திறக்க வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக, என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்ட கதைகளைத்தான் எழுதி வந்தேன். விளையாட்டு விழாவில் விசிலைத் தொலைத்துவிட்டு வாயால் கூவியது வரை எழுதியாகிவிட்டது. இந்த வாரம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு என் சம்பந்தி வீட்டார் என்னோடு பேசாமல் போனால் போகட்டும்.

பி.டி. மாஸ்டருக்கு எதற்குக் கிரேக்கம்?

முப்பது வருஷம் குரோம்பேட்டையில் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். தொண்டை அப்படி. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் மைக் செத்தால், போதகர் என்னைத்தான் பார்ப்பார். வேத பாடம் வாசிக்க ஏறியவன், கொஞ்ச காலத்தில் பிரசங்கம் செய்யவும் ஏறினேன். தொண்டை இருந்தது, சரக்கு இல்லை. அது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் தாம்பரத்தில் ஓர் ஓய்வுபெற்ற இறையியல் ஆசிரியர், என்னைப் போன்ற அரைகுறைப் பிரசங்கிகளுக்காகச் சனிக்கிழமை மத்தியானங்களில் கிரேக்கம் கற்றுக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பைபிளின் பிற்பகுதி முழுக்க முதலில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. பதினொரு பேர் சேர்ந்தோம். மழைக்காலம் முடிவதற்குள் நானும் ஒரு தையல்கடைக்காரரும்தான் மிஞ்சினோம். ஐயாவுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. சாக்பீஸ் தூள் படிந்த விரலால் எங்களை மாறி மாறிச் சுட்டி, "நீங்க சொல்லுங்க, இப்ப நீங்க சொல்லுங்க" என்று உயிரை வாங்குவார்.

எனக்கு அது பிடித்திருந்தது. உடம்பை வளைப்பதுபோல நாக்கை வளைக்க வேண்டியிருந்தது. ஒரு தடித்த அகராதியும் வாங்கினேன். அதை நாலு பேர் பார்க்கிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு மேடை, இரண்டு குழி

இந்தப் பக்கம் இடம் எவ்வளவு நெருக்கடி என்று எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கே இடமில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் புதுக்குழிக்கு இடம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லறை. ஒருவரை வைத்துப் பதினான்கு வருஷம் ஆன பிறகு அதே குழியைத் திறந்து, எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, அடுத்தவரை இறக்கலாம். இறக்கப்பட்டவர் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் ஊரையும் கல்லில் பொறிப்பது எங்கள் வழக்கம்.

எங்கள் கல்லறை மேடைக்கு அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். ஒன்றில் தாத்தா, அவர் மேல் அப்பா. இன்னொன்றில் அம்மா மட்டும். ஜெயா இறந்தபோது அப்பா போய் ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மா போய் இருபது வருஷத்துக்கு மேல்.

அப்பா ரயில்வேக்காரர். தெற்கேயிருந்து வேலைக்கு வந்து தாம்பரத்தில் தங்கிவிட்டவர். "நாங்க அஞ்சு தலைமுறை" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டில், கறிக்கடையில், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம்கூடச் சொல்லிவிடுவார். ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அப்பா சொன்னது அது மட்டுமல்ல என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

சாமுவேல் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டராக இருந்தான். ஜெயா பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். காலனிப் பெண். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று இவன் வந்து நின்றபோது, அவளும் கிறிஸ்தவள்தானே அப்பா என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஞானஸ்நானம் வாங்கினவதான், எனக்கும் தெரியும்" என்றார் அப்பா. "அதுக்காக?"

அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தேன்.

அம்மா இறந்த மறு வருஷம் அப்பா மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டார். எனக்குக் கிரேக்கம் அரை வேக்காடாக வெந்துகொண்டிருந்த காலம். "உன் கிரேக்கத்துல ஒரு வார்த்தை சொல்லு. நம்ம குடும்பப் பாரம்பரியத்தைச் சொல்ற மாதிரி இருக்கணும். கல்லுல போட்டுரலாம்" என்றார். அப்பா என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அகராதியைப் புரட்டினேன். பாட்ரோபராடோடோஸ். முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்தது. சொல்லின் முன்பாதியில் தகப்பன் இருந்தார், பின்பாதியில் கைமாற்றிக் கொடுப்பது இருந்தது. இதைவிட என்ன வேண்டும்? எந்த வசனத்தில் வருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தாக வரைந்து கொடுத்தேன். கல்தச்சர் அதைக் கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்துக் கொத்தினார்.

மூன்று மாதம் கழித்துச் சனிக்கிழமை வகுப்பில் பேதுருவின் முதல் நிருபத்துக்கு வந்தோம். ஐயா என்னைச் சுட்டி, "நீங்க சொல்லுங்க" என்றார். வசனத்தில் அந்தச் சொல் இருந்தது.

பைபிளுக்கு வெளியே கிரேக்கர்களிடம் அது கௌரவமான சொல்தான், முன்னோர் வழக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள் என்றார் ஐயா. ஆனால் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில் மட்டும்தான் வருகிறது. பேதுரு அதை எதோடு சேர்க்கிறார்? வீணான நடத்தையோடு. உங்கள் தகப்பன்மார் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன வெறுமையான வாழ்க்கை, அதிலிருந்துதான் நீங்கள் மீட்கப்பட்டீர்கள் என்கிறார். "சொத்து இல்ல சார் இது, நடத்தை. அப்பா பண்ணினார், அதனால நானும் பண்றேன்னு சொல்றோமே, அது" என்றார் ஐயா.

எங்கள் ஐந்து தலைமுறைக்கும் மேலே, எதிலிருந்து மீட்கப்பட வேண்டுமோ அதன் பெயரைக் கறுப்புக் கல்லில் கொத்தி வைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கிரேக்கம் தெரிந்து அந்தப் பக்கம் வரக்கூடியவர் ஐயா ஒருவர்தான். அவருக்கும் மூட்டுவலி.

ஜெயாவின் கண்

அப்பா போன பிறகு, ஞாயிறு மாலை வேதபாட வகுப்பில் அந்தச் சொல்லையே எடுத்துப் பேசினேன். ஏன் எடுத்தேன் என்றால், கேட்பவர்களுக்குப் புதிதாக இருக்கும், எனக்கும் பேர் கிடைக்கும். அவ்வளவுதான். சொல்லைக் கிரேக்க எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சாதிப் பெருமையும் அதில் அடக்கம் என்று குரலை ஏற்றினேன். இரண்டு பேர் அல்லேலூயா சொன்னார்கள்.

முடிந்து எல்லோரும் கலையும்போது ஜெயா அந்தத் தாளோடு வந்தாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, இது நம்ம கல்லறைக் கல்லுல இருக்கறதுதானே?"

"எது?"

"இந்த எழுத்துங்கதான். நான் வருஷா வருஷம் அத்தைக்கு மெழுகுவத்தி ஏத்த வர்றேன் இல்ல, பார்த்திருக்கேன். முதல்ல ரெண்டு கால் போட்ட கதவு மாதிரி ஒண்ணு. கடைசியில பாம்பு மாதிரி வளைஞ்சு ஒண்ணு. அதேதான் மாமா."

தோலில் வெட்டு வடிவம் பார்த்துப் பார்த்துத் தைக்கிற கண். கம்பெனியில் இடது காலுக்கும் வலது காலுக்கும் அரை நூல் வித்தியாசம் இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்று சாமுவேல் பெருமையாகச் சொல்வான்.

"அது வேற வார்த்தைம்மா" என்றேன். "கிரேக்கத்துல எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி மாமா, எனக்கின்னா தெரியும்" என்று தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பொய் சொன்னவன் நான், கோபம் அவள்மேல்.

ஆறு வருஷக் கணக்கு

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன். அன்று காலை, நான் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே ஒரு போன் வந்தது. என் மகள் ஷீபாவுக்கு அப்போது வரன் முடிவாகியிருந்தது. இரண்டு வாரத்தில் நிச்சயதார்த்தம். போனில் மாப்பிள்ளையின் அப்பா.

"துக்கச் செய்தி கேள்விப்பட்டோம் சார். கண்டிப்பா அடக்கத்துக்கு வர்றோம். உங்க குடும்பக் கல்லறையிலதானே?" என்றார். பிறகு, பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "தம்பி சம்சாரம் எந்த ஊர்க்காரங்க சார்?"

"எல்லாம் இந்தப் பக்கம்தான்" என்று சொல்லி வைத்தேன். கல்லில் பொறிக்கப்போகும் பெயர் என் கண்முன் நின்றது. ஜெயா, இன்னார் மகள், இன்ன காலனி. என் மகளின் கல்யாண மாலை காய்வதற்குள் அந்த வீட்டார் அதைப் படிப்பார்கள். அப்பாவும் கடைசிப் படுக்கையில், "நம்ம மேடைக்கு அவ வரக் கூடாது, பார்த்துக்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன்.

ஆகவே, தம்பி எதிரே நிற்க, நான் பதிவேட்டைத் திறந்தேன். எங்கள் குடும்பத்துப் பக்கத்தை எடுத்து, அப்பாவை அடக்கம் செய்த தேதியில் விரலை வைத்தேன்.

"ஆறு வருஷம்தான்டா ஆகுது. பதினாலு ஆகணும். திறக்க முடியாது."

"அது அப்பா குழிண்ணா. நான் கேக்கறது அம்மா குழி."

"ரெண்டும் ஒரே மேடை. ஒரே நம்பர். கடைசியா யாரை வெச்சோமோ அதுலேர்ந்துதான் கணக்கு."

வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்த ஏழுமலை தலையை நீட்டினார். எங்கள் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். "இன்னா மாஸ்டர் நீ? குழிக்குக் குழி தனிக் கணக்குதான? அம்மா குழி ரெடியா கீது. மேடான எடம், ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. ரெண்டு மணி நேரத்துல தொறந்துடுவேன்."

"உனக்குத் தெரியாது ஏழுமலை. விதி விதிதான். நானே மீறினா நாளைக்கு ஊர் என்ன பேசும்?"

மைதானக் குரலில் சொல்லிவிட்டேன். கூரையில் மழை இறைந்தது. சாமுவேல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கத்துவான், பதிவேட்டைப் பிடுங்கிப் பார்ப்பான், அப்பாவை இழுத்துப் பேசுவான் என்று எதற்கும் தயாராக இருந்தேன்.

"சரிண்ணா" என்றான். சான்றை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஏரிக்கரையில்

ஜெயாவின் அண்ணன்தான் ஏற்பாடு செய்தார். அவர்கள் காலனிக்குத் தனி இடுகாடு இருந்தது, ஏரிக்கரையை ஒட்டி. மழைக்காலத்தில் ஏரி எது, இடுகாடு எது என்று சொல்ல முடியாது. நான்கு மணிக்கு நாங்கள் போனபோது முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள், அதற்குள்ளேயே ஊற்று. ஏழுமலையும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மூன்று பேர் பிளாஸ்டிக் வாளியால் இறைத்துக்கொட்ட, அவர் உள்ளே நின்று வெட்டினார். இறைக்க இறைக்க ஊறியது. மாப்பிள்ளை வீட்டார் மழையைக் காரணம் சொல்லி வரவில்லை.

போதகர் அடக்க ஆராதனையைச் சுருக்கமாக முடித்தார். கயிற்றில் பெட்டியை இறக்கினார்கள்.

பெட்டி மிதந்தது.

கலங்கின தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து, மண் சுவரில் இடித்து, மறுபடி நிமிர்ந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அதை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. சாமுவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் பெட்டியை அழுத்தினான். வெல்டர் கை, பலமான கை. அவன் அழுத்திப் பிடித்திருக்க, அவன் யூனிட் ஆட்கள் கருங்கல்லாகப் பார்த்துப் பார்த்து மூடிமேல் வைத்தார்கள். பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது.

"அண்ணா, ஜெபம் பண்ணு" என்று உள்ளேயிருந்தே சொன்னான்.

பண்ணினேன். மைக் இல்லாமல், மழைக்கு மேல் கேட்கிற மாதிரி, தெளிவாகப் பண்ணினேன். அங்கே எங்கள் தோட்டத்தில், தண்ணீர் நிற்காத மேட்டில் அம்மா குழி மூடிக் கிடந்தது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனாலும் ஆமென் வரைக்கும் குரல் உடையவில்லை.

சாமுவேலின் கடிதம்

ஷீபாவின் கல்யாணம் நடந்தது. சாமுவேல் வந்தான், பந்தியில் நின்று பரிமாறினான். மாப்பிள்ளை தங்கமானவர். கல்லறைக் கல்லையெல்லாம் படிக்கிற ஆளே இல்லை.

அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், எல்லாக் குடும்பத்தாரும் வந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேலும் நானும் எங்கள் மேடையைக் கழுவினோம். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"டேய், அன்னைக்கு நான் சொன்னது பொய். குழிக்குக் குழி தனிக் கணக்குதான். போட்டிருக்கலாம்டா கையெழுத்து."

அவன் தண்ணீரை ஊற்றி முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியும்ணா. வெளியே மாட்டியிருக்கே விதி போர்டு, அதை அடிச்சுக் குடுத்ததே நான்தானே. மூணாவது விதி. எழுத்து சரியா இருக்கான்னு பார்த்ததும் நான்தான்."

"அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா போட்டிருப்பே. ஏழுமலை முன்னாடி மாட்டிக்கிட்டு, வேற வழி இல்லாம போட்டிருப்பே. அப்படி ஒரு எடத்துல அவ படுத்துக் கெடக்க வேணாம்ணா."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். செயலாளர் அவர்களுக்கு என்று என் பெயருக்கே எழுதிய கடிதம். அவன் பெயரையும் இரண்டு மகன்களின் பெயர்களையும் எங்கள் கல்லறையில் வைக்கப்பட உரிமையுள்ள வாரிசுகளின் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கீழே மூன்று பேர் கையெழுத்து.

"என்னை ஜெயாகிட்டதான் வைக்கணும்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். இங்க பேர் இருந்தா நாளைக்கு யாராவது குழப்புவாங்க. இதுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுண்ணா."

வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். ஜெயாவை இங்கே மாற்றிவிடலாம், நானே மேலிடத்தில் பேசுகிறேன், கல்லில் பெயர் போடலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அழுதேன். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கடிதத்தை மறுபடி நீட்டினான்.

ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தோம். ஸ்கேல் வைத்து மூன்று பெயர்களையும் நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரே மகள். கட்டிக் கொடுத்த பெண்ணின் பெயரைப் பட்டியலில் சேர்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எங்கள் அப்பாவுக்கு வாரிசு என்று அந்தப் பக்கத்தில் இன்று நான் ஒருவன்தான் இருக்கிறேன்.